குறுக்குக் காற்றும் இளம் விமானியின் எல்லையும்

கேள்வி

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது அதன் கடுமையைப் பெரும்பகுதி தாங்கியவை புதுச்சேரியும் விழுப்புரம் மாவட்டமும்தான். திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று; புதுச்சேரியில் 48 சென்டிமீட்டரைத் தாண்டியது. கரை கடக்கும்போது காற்று மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 90 கிலோமீட்டர் வேகத்திலும் வீசியது. அதே நாளில் சென்னை மீனம்பாக்கத்தில், மும்பையிலிருந்து வந்த இண்டிகோ விமானம் ஒன்று ஓடுபாதையைத் தொடும் தறுவாயில் காற்றில் தள்ளாடி, இறங்கும் முயற்சியைக் கைவிட்டு மீண்டும் மேலெழுந்தது. அந்தக் காட்சி கைபேசிகள் வழியே நாடெங்கும் பரவியது. அன்று நண்பகல் வாக்கில் மூடப்பட்ட விமான நிலையம் மறுநாள் அதிகாலையில்தான் திறந்தது.

வளவனூர், விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து மக்களுக்கு வெளிநாட்டு விமானம் என்றால் மீனம்பாக்கம்தான். உள்நாட்டுப் பயணத்துக்கு இப்போது புதுச்சேரி லாஸ்பேட்டையும் இருக்கிறது. சுமார் 1,500 மீட்டர் நீளமுள்ள அந்த ஒற்றை ஓடுபாதையில் 2024 டிசம்பரிலிருந்து பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் ஏடிஆர் வகைச் சிறு விமானங்கள் மீண்டும் போய்வருகின்றன. இரண்டு நிலையங்களும் புயல்கள் வந்து மோதும் ஒரே கடற்கரையில் இருக்கின்றன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில்தான் கரையேறியது.

புயல் நாளில் நிலையத்தையே மூடிவிடுகிறார்கள். அந்த முடிவில் பெரிய குழப்பமில்லை. குழப்பம் அதற்குக் கீழே இருக்கிறது: நிலையம் திறந்திருக்கிறது, விமானத்தின் எல்லைக்குள்தான் காற்று வீசுகிறது, ஆனால் பலமாகக் குறுக்கே வீசுகிறது. அப்போது விமானத்தை யார் இறக்குவது? வலப்பக்க இருக்கையில் பணிக்கு வந்து சில மாதங்களே ஆன துணை விமானி இருந்தால் அவருக்கென்று தனி எல்லை வேண்டுமா? வேண்டுமென்றால் அதை எந்த அளவுகோலால் வகுப்பது? இக்கட்டுரை ஆராயும் கேள்வி இதுதான். தனி எல்லை கட்டாயம் வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. ஆனால் இன்று அந்த எல்லையைப் பறந்த மணிகளால் அளக்கிறோம். அளக்க வேண்டியது வேறு என்பதை இங்கே நிறுவ முயல்கிறேன்.

காற்றின் கணக்கு

ஓடுபாதையின் எண் அதன் திசையைச் சொல்கிறது. சென்னையின் முதன்மை ஓடுபாதை ஒரு முனையில் 07, மறுமுனையில் 25. அதாவது ஏறத்தாழ 70 டிகிரித் திசை, எதிர்முனையிலிருந்து பார்த்தால் 250 டிகிரி. கிழக்கிலிருந்து வீசும் கொண்டல் 07-இல் இறங்குபவருக்குப் பெரும்பாலும் எதிர்க்காற்று. மேற்கிலிருந்து வரும் கோடைக்காற்று 25-இல் இறங்குபவருக்கு அதே உதவியைச் செய்கிறது. எதிர்க்காற்று விமானிக்கு நண்பன். தரை வேகத்தைக் குறைத்து ஓடும் தூரத்தைச் சுருக்குகிறது. வாடையும் தென்றலும்தான் இந்த ஓடுபாதைக்குக் குறுக்கே வருபவை.

குறுக்காக வரும் பங்கைக் கணக்கிட, காற்றின் வேகத்தை ஓடுபாதைக்கும் காற்றுக்கும் இடையிலான கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்க வேண்டும். கோணம் 30 டிகிரி என்றால் காற்றில் பாதி குறுக்கே வருகிறது. நேர் வடக்கிலிருந்து 25 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 46 கிலோமீட்டர் வேகத்தில், வாடை வீசுவதாகக் கொள்வோம். ஓடுபாதை 07-க்குக் கோணம் 70 டிகிரி. குறுக்குப் பங்கு 23 நாட் அளவைத் தாண்டுகிறது. சென்னையின் குறுகிய இரண்டாவது ஓடுபாதையில் 30-ஆம் முனையைத் தேர்ந்தாலும் கோணம் 60 டிகிரிதான், குறுக்குப் பங்கு ஏறத்தாழ 22. ஆக, சுத்தமான வாடைக்காற்று நாளில் இரண்டு ஓடுபாதைகளும் ஒரே கதைதான். தென்கிழக்கிலிருந்து கடற்காற்று ஏறும் பிற்பகலில் மட்டுமே இரண்டாவது ஓடுபாதையின் 12-ஆம் முனை உண்மையான மாற்று வழியாகிறது.

இந்தக் கணக்கு காகிதத்தில் எளிது. சிக்கல் வீச்சில், அதாவது காற்று திடீரென்று வேகமெடுக்கும் நொடிகளில், இருக்கிறது. கோபுரத்திலிருந்து கட்டுப்பாட்டாளர் சொல்லும் காற்று சில நிமிடங்களின் சராசரி. விமானம் ஓடுபாதை முனையைக் கடந்து சக்கரம் பதிக்கும் அந்தப் பத்துப் பன்னிரண்டு விநாடிகளில் வருவது சராசரி அல்ல, ஒரு தனி வீச்சு. சொல்லப்பட்ட காற்று 20 நாட், வீச்சு 32 நாட் என்றால் எல்லையை எதைக் கொண்டு கணக்கிடுவது? சில நிறுவனங்கள் வீச்சையும் சேர்க்கின்றன, சில சேர்ப்பதில்லை. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்புக்காக நெதர்லாந்தின் வானூர்தி, விண்வெளி ஆய்வகம் செய்த ஆய்வுகள் இந்தச் சீரின்மையைக் குறையாகச் சுட்டின.

‘செய்துகாட்டப்பட்ட’ அளவு

விமானத்துக்கே உரிய குறுக்குக் காற்று எல்லை பற்றிப் பரவலான ஒரு தவறான புரிதல் இருக்கிறது. ஏர்பஸ் ஏ320-இன் முந்தைய வகைகளுக்கு இறங்கும்போது 33 நாட், வீச்சுடன் 38 நாட் என்று கையேடு சொல்கிறது. ஏடிஆர் 72-க்கு உலர்ந்த ஓடுபாதையில் 35 நாட். இவை பாலத்தில் எழுதிவைக்கும் பாரத் தடை போன்றவை என்றே பலரும் நினைக்கின்றனர். உண்மையில் இவை, சான்றிதழுக்கான சோதனைப் பறப்பின்போது நிறுவனத்தின் சோதனை விமானி செய்துகாட்டிய அதிகபட்ச அளவுகள். பெரிய விமானங்களுக்கான அமெரிக்க, ஐரோப்பிய விதிகள் கேட்பது குறைந்தது 20 நாட் குறுக்குக் காற்றில் செய்துகாட்டுவதை. விமானத்தின் வேகத்தைப் பொறுத்து இது கூடலாம், ஆனால் 25 நாட் அளவுக்கு மேல் செய்துகாட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. அந்தச் சோதனைக் காலத்தில் அதற்கு மேல் காற்று கிடைத்திருந்தால் எண்ணும் கூடியிருக்கும், கிடைக்காவிட்டால் குறைந்திருக்கும்.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன. ஒன்று, இந்த எண்ணை மீறுவது விதி மீறலா இல்லையா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது; அதைக் கண்டிப்பான எல்லையாக ஏற்கும் நிறுவனங்களும் உண்டு, வழிகாட்டுதலாக மட்டும் கொள்ளும் நிறுவனங்களும் உண்டு. மற்றது இன்னும் முக்கியமானது. அந்த எண் சோதனை விமானியின் கைக்கு உரியது. பகலில், உலர்ந்த ஓடுபாதையில், அதற்கென்றே தயாராகிச் செய்த வேலை அது. பதினான்கு மணி நேரமாக விழித்திருந்து, இரவில், மழை ஈரத்தில் இறங்கும் விமானியின் கைக்கு அதை அப்படியே மாற்ற முடியாது. நேற்று உரிமம் பெற்றவரின் கைக்கு மாற்றுவது பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

கையில் நடப்பது

வேகமான ஆற்றைக் கடக்கும் ஓடக்காரர் அக்கரைத் துறைக்கு நேராக முனையை வைப்பதில்லை; நீரோட்டத்துக்கு எதிராகச் சற்றுத் திருப்பி வைத்துக்கொண்டே குறுக்கே போவார். விமானியும் அப்படியே மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பி, உடல் கோணலாக, ஆனால் பாதை நேராக, ஓடுபாதையின் நடுக்கோட்டை நோக்கி வருகிறார். ஓடத்துக்கு இல்லாத சிக்கல் விமானத்துக்குக் கடைசி நொடிகளில் வருகிறது. கோணலாகவே சக்கரம் பதித்தால் டயரும் சக்கரக் கால்களும் பக்கவாட்டு விசையைத் தாங்க வேண்டும். விமானம் ஓடுபாதை ஓரத்தை நோக்கி இழுக்கப்படும். எனவே தரைக்குச் சில மீட்டர் உயரத்தில், மூக்கைத் தூக்கி இறக்கத்தை மெதுவாக்கும் அதே நொடிகளில், கால் மிதியால் மூக்கை நடுக்கோட்டுக்கு நேராகத் திருப்ப வேண்டும். திருப்பியதும் காற்று வரும் பக்கத்து இறக்கை மேலெழ முயலும். அதைக் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அதிகம் அழுத்தினால் இறக்கை நுனியோ, இறக்கைக்குக் கீழே தொங்கும் எஞ்சினோ தரையில் உரசும். முதல் சக்கரம் பதிந்த பிறகும் அழுத்தத்தைத் தளர்த்தக் கூடாது.

கைக்கும் காலுக்கும் இடையிலான இந்த ஒத்திசைவு புத்தகத்தில் வராது. மாதிரிப் பறப்புக் கருவியில் ஓரளவு வரும். முழுமையாக வருவது உண்மையான ஓடுபாதையில், உண்மையான காற்றில் மட்டுமே. புதியவருக்கு எல்லை தேவை என்ற வாதத்தின் அடிப்படை இது. அந்த எல்லை மிக இறுக்கமாக, மிக நீண்ட காலத்துக்கு இருக்கக் கூடாது என்ற வாதத்தின் அடிப்படையும் இதுவேதான்.

அமெரிக்காவின் 15 நாட்

புதியவருக்கான எல்லையை எண்ணால் எழுதிவைத்த விதிகளில் தெளிவானது அமெரிக்காவுடையது. அந்த விமான வகையில் 100 மணிக்குக் குறைவாகப் பறந்த துணை விமானி வலப்பக்கம் இருந்து, கேப்டன் பரிசோதக விமானி அல்லாதவராக இருந்தால், சில சூழல்களில் ஏற்றமும் இறக்கமும் கேப்டனே செய்ய வேண்டும். பார்வைத் தூரம் குறைவு, ஓடுபாதையில் நீரோ பனியோ, பிரேக் பிடிப்பு ‘நல்லது’ என்பதற்குக் கீழே, காற்று வெட்டு (காற்றின் வேகமோ திசையோ சட்டென்று மாறுவது) பற்றிய தகவல், சிறப்பு நிலையங்கள் ஆகியவற்றோடு குறுக்குக் காற்று 15 நாட் அளவைத் தாண்டுவதும் அந்தப் பட்டியலில் உண்டு. கடைசி வரியாக, கேப்டன் தேவை என்று கருதும் வேறு எந்தச் சூழலும் சேர்க்கப்பட்டிருக்கிறது.

இந்த விதியின் வலிமை அதன் எளிமை. காற்று எண்ணைப் பார்த்ததும் யார் கையில் விமானம் என்பது முடிவாகிவிடுகிறது. அவமானமோ வாக்குவாதமோ இல்லை. பலவீனம் 100 மணி என்ற அளவுகோலில் இருக்கிறது. பத்து மணி நேரத் தடங்களில் பறக்கும் துணை விமானிக்கு 100 மணி என்பது பத்துப் பயணங்கள். அவற்றில் பாதியை கேப்டன் இறக்கினால் இவர் கையால் இறக்கியது ஐந்து. ஒரு மணி நேரத் தடங்களில் பறக்கும் ஏடிஆர் விமானி அதே 100 மணியில் 50 முறை இறக்கியிருப்பார். அந்த ஐம்பதில் எத்தனை குறுக்குக் காற்றில் என்ற கேள்விக்கு மணிக்கணக்கில் விடையே இல்லை. அமைதியான காற்றில் ஐம்பது முறை இறக்கியவர், குறுக்குக் காற்றைப் பொறுத்தவரை முதல் நாள் மாணவர்தான்.

அமெரிக்காவில் இந்தக் குறை ஓரளவு மறைந்துவிடுகிறது. 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே நடந்த கோல்கன் ஏர் நிறுவன விமான விபத்துக்குப் பிறகு, 2013 முதல் பயணிகள் விமான நிறுவனங்களில் துணை விமானியாகச் சேரவே பொதுவாக 1,500 மணி பறந்திருக்க வேண்டும். இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி போதும். அதன்பின் விமான வகைப் பயிற்சியை முடித்தால் ஏ320-இன் வலப்பக்க இருக்கை கிடைத்துவிடும். ஆகவே அமெரிக்காவைவிட இந்தியாவில்தான் இந்த எல்லையைப் பற்றி ஆழமாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஹாம்பர்க், 2008

இந்த விவாதத்தில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் நிகழ்வு 2008 மார்ச் 1 அன்று ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் நடந்தது. எம்மா என்ற புயல் வீசிய அந்த நாளில் மியூனிக்கிலிருந்து வந்த லுஃப்தான்சா ஏ320 விமானத்தை இறக்கியவர் 24 வயதுத் துணை விமானி. ஓடுபாதை 23. இறங்க அனுமதி கொடுத்தபோது சொல்லப்பட்ட காற்று 300 டிகிரியிலிருந்து 33 நாட், வீச்சு 47 நாட். கோணம் 70 டிகிரி. சராசரிக் காற்றின் குறுக்குப் பங்கு 31 நாட் அளவில் எல்லைக்குள் அடங்கும். வீச்சின் பங்கு 44 ஆகி, செய்துகாட்டப்பட்ட 38-ஐத் தாண்டும். விமானம் நேராக்கப்பட்ட நொடியில் இடப்பக்கச் சக்கரம் பதிந்து, எகிறி, இடப்பக்கமாகச் சாய்ந்தது. இடது இறக்கை நுனி ஓடுபாதையில் உரசியது. விமானிகள் உடனே மேலெழுப்பினர். இரண்டாம் முறை கேப்டன் ஓடுபாதை 33-இல் பத்திரமாக இறக்கினார். யாருக்கும் காயமில்லை.

முதல் நாட்களில் கேப்டனை வீரர் என்று புகழ்ந்த செய்தித்தாள்கள், முதல் முயற்சியின்போது கட்டுப்பாடு இளம் பெண்ணின் கையில் இருந்தது என்று தெரிந்ததும் திசை மாறின. அனுபவமற்றவரிடம் கொடுத்ததே தவறு என்ற எளிய தீர்ப்பு அன்றிலிருந்து இன்றுவரை உலவுகிறது. ஜெர்மானிய விபத்து விசாரணை அமைப்பின் அறிக்கை சொன்னது இதைவிட விரிவானது. ‘செய்துகாட்டப்பட்ட’ அளவு எல்லையா, வழிகாட்டுதலா என்பது விமானிகளிடையே தெளிவாக இல்லை என்று அது குறிப்பிட்டது. இன்னொன்றையும் கண்டறிந்தது: ஒரு சக்கரம் மட்டும் தரையைத் தொட்டதுமே விமானத்தின் கணினி தரை நிலைக்கு மாறி, பக்கவாட்டுக் கட்டுப்பாட்டின் வீரியத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டது. இந்தத் தன்மை விமானிகளின் கையேட்டில் இல்லை. எவ்வளவு அனுபவம் உள்ளவரும் தனக்குச் சொல்லப்படாததை அறிந்திருக்க முடியாது.

அமெரிக்க விதி அன்று ஹாம்பர்க்கில் நடைமுறையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தத் துணை விமானி அந்த விமான வகையில் 300 மணிக்கு மேல் பறந்திருந்தார். 100 மணி என்ற வேலி அவரைத் தடுத்திருக்காது. தடுத்திருக்கக்கூடியது ஓடுபாதைத் தேர்வு. 33-இல் அதே காற்றின் கோணம் 30 டிகிரி. 47 நாட் வீச்சுகூட 24 நாட் அளவுக்குள் அடங்கிவிடும். ஹாம்பர்க்கை இளம் விமானியின் தோல்வி என்று வாசிப்பது, முடிவெடுத்தவரை விட்டுவிட்டு, முடிவைச் செயல்படுத்தியவரைப் பிடித்துக்கொள்வதாகும். இந்த வாசிப்பை நான் ஏற்கவில்லை.

மூத்த கைகள்

எதிர்ப்பக்கச் சான்றுகளையும் பார்க்க வேண்டும். 1999 ஆகஸ்ட் 22 அன்று ஹாங்காங்கில் சாம் சூறாவளியின்போது இறங்கிய சைனா ஏர்லைன்ஸ் எம்டி-11 விமானம் ஓடுபாதையில் கவிழ்ந்து மூவர் இறந்தனர். ஓட்டியவர் கேப்டன். 2008 டிசம்பர் 20 அன்று டென்வரில் கான்டினென்டல் நிறுவனத்தின் போயிங் 737 குறுக்குக் காற்றில் மேலெழ ஓடும்போது ஓடுபாதையை விட்டு விலகித் தீப்பிடித்தது. 115 பேரும் உயிர் பிழைத்தனர். அங்கும் ஓட்டியவர் கேப்டன். கோபுரம் அவருக்குச் சொன்ன காற்று 27 நாட். விமானம் உண்மையில் சந்தித்த வீச்சு 45 நாட். கேப்டன் மிதியை உரிய நேரத்துக்கு முன்பே விட்டதைக் காரணமாகச் சொன்ன அமெரிக்க விசாரணை வாரியம், அதோடு நிற்கவில்லை. முக்கியமான காற்றுத் தகவல் விமானிகளுக்குப் போய்ச் சேரவில்லை என்றும், பயிற்சிக் கருவிகளில் காற்றின் வீச்சு சரியாகச் சித்திரிக்கப்படாததால் பலத்த குறுக்குக் காற்றுக்கு உரிய பயிற்சி கிடைக்கவில்லை என்றும் பதிவு செய்தது. ஆயிரக்கணக்கான மணி பறந்தவருக்கும் அந்தக் குறிப்பிட்ட காற்றில் அனுபவம் இல்லாமல் போகலாம் என்பதே இதன் பொருள்.

நம் நாட்டில் கோழிக்கோடு இதற்கு மிகக் கசப்பான சான்று. 2020 ஆகஸ்ட் 7 இரவு துபாயிலிருந்து 190 பேருடன் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மழையில், பின்காற்றோடு, ஓடுபாதையின் பாதியளவு தூரத்தைக் கடந்தபின் சக்கரம் பதித்து, மேட்டின் விளிம்பைத் தாண்டி விழுந்தது. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் இறந்தனர். அங்கு சிக்கல் பின்காற்று, குறுக்குக் காற்று அல்ல. ஆனாலும் இருக்கைகளுக்கு இடையே நடந்தது நம் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துகிறது. ஓட்டியவர் நீண்ட அனுபவமுள்ள கேப்டன். மேலெழுப்பச் சொன்னவர் அனுபவம் குறைந்த துணை விமானி. சொன்ன சொல் செயலாகவில்லை. கேப்டன் நடைமுறையை மீறித் தொடர்ந்ததையும், துணை விமானி கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுக்காததையும் சேர்த்தே விசாரணை அறிக்கை காரணமாகக் குறிப்பிட்டது.

இங்கே ஒரு முரண்பாடு தெரிகிறது. ‘காற்று பலமானால் உன் கையில் விமானம் இல்லை’ என்று ஓராண்டு முழுக்கக் கேட்டுப் பழகிய இளைஞரிடம், ஒரு மழை இரவில் திடீரென்று, ‘கேப்டன் தவறினால் நீ பறித்து எடு’ என்று எதிர்பார்க்கிறோம். முதல் விதி இரண்டாவதைப் பலவீனப்படுத்துகிறது. கையால் செய்து பார்க்காத வேலையில் பிறர் செய்யும் தவறை உரிய நேரத்தில் கண்டுபிடிப்பதும் அரிது. கண்டுபிடித்தாலும் குறுக்கிடத் துணிவது அதைவிட அரிது.

இந்திய நடைமுறையும் அதன் நிழலும்

இந்தியாவில் துணை விமானி விமானத்தை இறக்க வேண்டுமானால், அதற்கென அனுமதி பெற்ற கேப்டன் இடப்பக்கம் இருக்க வேண்டும். மங்களூர் போன்ற மேட்டுநில ஓடுபாதைகளில் அந்த வாய்ப்பும் இல்லை, கேப்டனே இறக்குகிறார். மழைக்காலத்துக்கென்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் தனியே கட்டுப்பாடுகளை வகுத்திருக்கிறது. இவற்றுக்கு மேல் ஒவ்வொரு நிறுவனமும் தன் கையேட்டில் துணை விமானிக்கெனக் குறைவான காற்று எல்லையை எழுதிவைக்கிறது. 2010 மே 22 அன்று 158 உயிர்களைப் பறித்த மங்களூர் விபத்தையும் கோழிக்கோட்டையும் கண்ட நாட்டில் இந்த எச்சரிக்கை நியாயமானது.

அதன் நிழலையும் பார்க்க வேண்டும். தென்னிந்தியாவில் காற்று பலமாக வீசுவது பெரும்பாலும் பருவமழைக் காலங்களில். அந்தக் காலங்களிலேயே துணை விமானிக்குக் கட்டுப்பாடு கூடுகிறது. ஆக, கற்க வேண்டிய காற்று வீசும் மாதங்களில் அவர் பார்வையாளராகவே இருக்கிறார். 1,500 மணி சேர்ந்து, தேர்வுகளை முடித்து, மேற்பார்வைப் பயிற்சிப் பறப்புகளையும் கடந்து இடப்பக்க இருக்கைக்கு மாறியதும் அவர் எல்லை ஒரே நாளில் விமானத்தின் முழு எல்லைக்கோ, அதற்குச் சற்றுக் குறைவாகவோ உயர்ந்துவிடுகிறது. எல்லை உயரும் வேகத்தில் திறன் உயராது. புதிய கேப்டனுக்குத் தொடக்கக் கட்டுப்பாடுகள் சில இருந்தாலும், அவையும் பெரும்பாலும் மணிக்கணக்கில்தான் விலகுகின்றன.

தண்டனை பற்றிய அச்சமும் இதில் சேர்கிறது. 2023 ஜூன் 15 அன்று அகமதாபாத்தில் இறங்கும்போது இண்டிகோ விமானத்தின் வால் தரையில் இடித்ததற்காக கேப்டனின் உரிமம் மூன்று மாதமும், துணை விமானியின் உரிமம் ஒரு மாதமும் நிறுத்திவைக்கப்பட்டன. அந்தத் தனி நடவடிக்கை சரியா தவறா என்பது இங்கு விவாதமல்ல. ஆனால் எந்த கேப்டனும், இளையவர் கையில் கொடுத்து ஏதேனும் பிசகினால் தன் உரிமமும் போகும் என்று அறிந்தபின், காற்று சற்றுக் கூடினாலே ‘நானே இறக்குகிறேன்’ என்றுதான் சொல்வார். விதி 15 என்றால் நடைமுறையில் அது 10 ஆகிவிடும். கற்பிக்கும் பொறுப்பு தனி மனிதரின் துணிச்சலை நம்பி நிற்கிறது.

எதை அளப்பது

இந்தச் சான்றுகளை எடைபோட்டால் எல்லையை நீக்க வேண்டும் என்ற முடிவுக்கு வர முடியாது. 200 மணி உரிமத்தோடு வருபவரிடம் 30 நாட் வாடையில் 180 பயணிகளைக் கொடுப்பது பொறுப்பற்ற செயல். தொடக்க எல்லையாக 15 நாட் என்பது ஏற்கத்தக்க எண். மாற்ற வேண்டியது, அந்த எல்லை உயரும் முறை.

முதலாவதாக, வீச்சைச் சேர்த்தே கணக்கிட வேண்டும். இளையவருக்கு மட்டுமன்றி, எல்லோருக்கும். சராசரியை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லைக்குள் இருக்கிறோம் என்று சொல்வது ஹாம்பர்க்கில் நடந்த கணக்கு.

அடுத்து, எல்லை உயர்வதற்குப் பறந்த மணிகளுக்குப் பதிலாகக் குறுக்குக் காற்றில் இறக்கிய எண்ணிக்கை அடிப்படையாக வேண்டும். 10 முதல் 15 நாட் வரை இத்தனை இறக்கங்கள் சுத்தமாகச் செய்த பின் எல்லை 20 ஆகட்டும். அங்கும் இத்தனை செய்த பின் 25 ஆகட்டும். அந்த எண்ணிக்கைகளைப் பயிற்சி விமானிகள் கூடி வகுக்கலாம். இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். ஒவ்வொரு விமானமும் தன் வேகம், திசை, சாய்வு, தரையைத் தொட்ட விசை அனைத்தையும் பதிவு செய்துகொண்டே பறக்கிறது. நம் நிறுவனங்கள் அந்தப் பதிவுகளைத் தவறு கண்டுபிடிக்க ஆராய்கின்றன. அதே பதிவிலிருந்து, யார் எந்தக் காற்றில் எப்படி இறக்கினார் என்ற வரலாற்றையும் எடுக்க முடியும். ஒரு விமானியின் பதிவேட்டில் இன்று இல்லாத மிகப் பயனுள்ள பக்கம் அதுவாக இருக்கும்.

மூன்றாவது, கற்பிக்கும் கேப்டனுக்குப் பாதுகாப்பு. நடைமுறைக்கு உட்பட்டு, எல்லைக்குள், அனுமதி பெற்ற கேப்டன் இளையவருக்கு வாய்ப்புக் கொடுத்து, இறக்கம் கடினமாகிவிட்டால் அது பயிற்சி நிகழ்வாகக் கொள்ளப்பட வேண்டும், குற்றமாக அல்ல. இந்த ஒன்று இல்லாவிட்டால் முந்தைய இரண்டும் காகிதத்திலேயே கிடக்கும்.

கடைசியாக, இறக்கும் உரிமைக்கு எல்லை உண்டு. மேலெழுப்பச் சொல்லும் உரிமைக்கு எல்லையே கிடையாது என்பதை முதல் நாளிலிருந்தே இளைய விமானிக்குப் பழக்க வேண்டும். மாதிரிக் கருவியில் கேப்டன் வேண்டுமென்றே தவறு செய்து, துணை விமானி கட்டுப்பாட்டை எடுக்கும் பயிற்சி ஒவ்வொரு சுற்றிலும் இடம்பெற வேண்டும். இரண்டு முறை சொல்லியும் பதில் இல்லையென்றால் எடுத்துவிடுவது அவர் கடமை. அதற்காக அவரை யாரும் விசாரணைக்கு இழுக்கக் கூடாது.

விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஒவ்வொரு ஆண்டும் மழைக்காலத்துக்கு முன் நிறுவனங்களுக்கு எச்சரிக்கைகள் அனுப்புகிறது. அடுத்த எச்சரிக்கையோடு ஒரு கேள்வியையும் அனுப்பட்டும்: இந்த ஆண்டு நீங்கள் கேப்டனாக உயர்த்தியவர்கள், துணை விமானியாக இருந்தபோது 15 நாட் அளவுக்கு மேற்பட்ட குறுக்குக் காற்றில் தம் கையால் எத்தனை முறை இறக்கியிருக்கிறார்கள்? அந்த எண்ணை ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுதோறும் சமர்ப்பிக்க வேண்டும், இயக்குநரகம் அதை வெளியிட வேண்டும். மீனம்பாக்கத்திலும் லாஸ்பேட்டையிலும் ஏறி இறங்கும் நம் மக்களுக்கு அதை அறியும் உரிமை உண்டு.